தவளையின் இதயத்துக்குப் பக்கத்தில் ஓர் எறும்பு

நெய்வேலியில் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், முதலில் ஒரு திருத்தம். நான் கொடுத்த படங்களில் வலது ஓரத்தில், கீழே, ஓர் எறும்பு இருக்கும். படத்தின் அளவைக் காட்டுவதற்காக அது வரையப்பட்டிருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். அது பொய். நீங்கள் தேர்வெழுதி, வேலைக்குப் போய், உங்கள் பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போகும் காலத்தில் இந்தத் திருத்தத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எனக்குத்தான் தேவைப்படுகிறது.

தொண்ணூறுகளில் நான் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். முதுகலைப் பட்டம், அதற்கு மேல் எம்.ஃபில்., சட்டைப்பையில் இரண்டு நிறத்தில் பேனா. இவ்வளவு இருந்தும் எனக்குப் படம் வரைய வராது. உயிரியல் வாத்தியாருக்குப் படம் வராதது, சமையல்காரருக்கு நாக்கில் ருசி தெரியாததைப் போன்றது. ஒருமுறை கரும்பலகையில் மண்புழுவை வரைந்தேன். அது பெருங்குடலா சார் என்று ஒரு மாணவி கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை. பாகம் குறிப்பதற்காகக் கேட்டாள்.

தேர்வில் மதிப்பெண்ணே படத்தில்தான். அதனால் என் பிள்ளைகள் பாடத்தை ஒப்பிப்பார்கள், படத்தில் கோட்டை விடுவார்கள். இந்தக் குறை எனக்கு உள்ளூர இருந்துகொண்டே இருந்தது.

பண்ருட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ் நிலையத்தில் நின்றபோது, அங்கிருந்த புத்தகக் கடையில் தடித்த கைடுகளுக்கு நடுவே ஒல்லியாக ஒரு புத்தகம் தெரிந்தது. மேல்நிலை வகுப்புக்கான விலங்கியல் படங்கள். போட்டவர் திருவதிகையில் குடியிருந்த ஓர் ஆசிரியை. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவர். தன் செலவில் உள்ளூர் அச்சகத்தில் அச்சடித்திருந்தார். முதல் பக்கத்தின் தலையில், நாங்கள் பிள்ளையார் சுழி போடும் இடத்தில், பொடியாக ஒரு சிலுவை இருந்தது.

புத்தகத்தைப் புரட்டியதும் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கட்டங்கள். தவளையின் இதயம் என்றால், முதல் கட்டத்தில் வெறும் மாங்கொட்டை மாதிரி ஒன்று. இரண்டாவதில் அதன் தலையில் இரண்டு காது. மூன்றாவதில் குழாய்கள் முளைத்து, அது இதயமாகிவிடும். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை அரிவாள், கரண்டி, விசிறி என்று பிரித்துக் காட்டியிருந்தார். கை வராத பிள்ளைக்கும் வரும்படி ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. எறும்பு மட்டும் என் கண்ணில் படவில்லை.

ஒரு பக்கத்தில் முன்னுரை. இது விற்று அச்சுச் செலவு திரும்பினால் தாவரவியலுக்கும் இதேபோல இரண்டாம் பாகம் போட எண்ணம் என்று எழுதியிருந்தார். தாவரவியல் படங்கள்தான் பிள்ளைகளை அதிகம் அழவைக்கின்றன என்று ஒரு வரி. உண்மை. தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரையச் சொன்னால் என் வகுப்பில் சிலர் நிஜமாகவே அழுவார்கள்.

ஒரு பிரதி வாங்கினேன். வாங்கும்போது நல்ல எண்ணம்தான் இருந்தது. கெட்ட எண்ணம் மந்தாரக்குப்பத்தில் வந்தது.

டவுன்ஷிப்புக்கு வெளியே, அங்கே நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் புத்தகத்தை வாங்கி, பின்பக்கம் முன்பக்கம் பார்த்தார்.

"முழுசும் போடணுமா சார்? உரிமை பதிவு பண்ணதுன்னு எய்தியிருக்குதே."

ஆசிரியர்களுக்கு அதில் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். கடலூரில் வக்கீலாக இருந்த என் மைத்துனர் ஒரு விருந்தில் சொன்னதுதான் என் சட்டப் படிப்பு. பாடம் நடத்துவதற்காக ஆசிரியர் ஒரு நூலிலிருந்து பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு என்று அவர் சொன்னார். அடுத்து "ஆனா" என்று தொடங்கினார். அந்த நேரத்தில் என் இலைக்குப் பாயசம் வந்துவிட்டது. அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன வந்தது என்று நான் கேட்கவே இல்லை. பல வருடம் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

கடைக்காரர் என் விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினார். "எனக்கு இன்னா சார். போடுன்னா போடறேன். கரண்டு போறதுக்குள்ள சொல்லுங்க."

வகுப்புக்கு ஒன்றிரண்டு படம் எடுத்துக் காட்டியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. நான் செய்தது வேறு. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சாகியிருந்த அந்த ஆசிரியையின் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தேன். அட்டையையும் முன்னுரையையும் கழற்றினேன். முன்னுரை தேர்வுக்கு வராது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். புதிதாக ஒரு முகப்புத்தாள் எழுதினேன். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் பாடத்தின் பெயர், கீழே என் பெயர், அதன் வாலில் பட்டங்கள். கையெழுத்து மட்டும் எனக்கு அழகாக வரும்.

இதைப் பார்த்துக்கொண்டே காபி கொண்டுவந்த என் மனைவி, யார் பெயரை மூடுகிறீர்கள் என்று கேட்டாள். அச்சுப்பிழை என்றேன். "எல்லாப் பக்கத்துலயும் ஒரே பிழையா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

ஏன் மறைத்தேன் என்பதற்கு அப்போது என்னிடம் நல்ல பதில் இருந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க முடியாது, படிப்பு எல்லாருக்கும் பொது என்பேன். ஆண்டு விழாவில் மேடையேறியே அதைப் பேசினேன், கைதட்டல் வந்தது. ஆனால் என் வகுப்பில் பெரும்பாலும் பெர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகள். குவார்ட்டர்ஸ், மாதாமாதம் சம்பளம். இந்தப் புத்தகம் வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே அப்பாக்கள் ஷிப்ட் முடிந்து பண்ருட்டிக்கே போய் வாங்கி வந்திருப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் அப்படிப் புத்தகம் வாங்கக்கூடிய வீடுகள் அதிகம் இருந்த ஊர் எங்கள் ஊர்தான். வாங்க முடியாத சிலருக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கலாம். உண்மையான காரணம் சின்னது. புத்தகம் கைக்கு வந்தால், படம் நான் போட்டதில்லை என்று தெரிந்துவிடும்.

பள்ளியிலும் கொடுத்தேன், காலையும் மாலையும் வீட்டில் நடந்த டியூஷனிலும் கொடுத்தேன். அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்கு ஜெராக்ஸ் தாள்களை மணையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு விழுந்து கும்பிட்டேன். கிறிஸ்தவ ஆசிரியை ஒருவரின் உழைப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டு, சரஸ்வதியிடம் ஆசி வாங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எறும்பைக் கண்டுபிடித்தது மாணவர்கள். என் மண்புழுவைப் பெருங்குடலாக நினைத்தாளே, அவளேதான் எழுந்தாள்.

"சார், இந்த எறும்பையும் போடணுமா?"

எந்த எறும்பு என்று தாளைத் தூக்கிப் பார்த்தேன். எல்லா மூன்றாம் கட்டத்திலும், ஓரத்தில், ஆறு காலோடு ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தின் அடியில் இருந்த பெயரைத்தான் மறைத்தேன். படத்துக்குள்ளேயே அவர் இன்னொரு பெயர் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வரைந்தவர் வேறு ஒருவர், இது அவருடைய அடையாளமாக இருக்கும் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போடணும். படத்தோட அளவு தெரியறதுக்கு."

அவள் உட்காரவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். "பாரமீசியத்துக்குப் பக்கத்துலயும் எறும்பு இருக்கு சார். கண்ணுக்கே தெரியாத பாரமீசியம் எறும்பை விடப் பெரிசா?"

"பாரமீசியத்தை மட்டும் பெரிசாக்கியிருக்கு," என்றேன். "எறும்பைப் பெரிசாக்கல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுதிக்கொண்டாள். எதிர்த்துக் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் எதைச் சொன்னாலும் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதன்பிறகு என் பள்ளியில் வரைந்த கரப்பான், தவளை, மண்புழு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஓர் எறும்பு வந்துவிட்டது. சில பிள்ளைகள் அதற்குக் கோடிழுத்து "அளவு" என்று பாகமும் குறித்தார்கள்.

படங்கள் நன்றாக வந்தன, மதிப்பெண்ணும் ஏறியது. பெற்றோர்கள் என்னை மார்க்கெட்டில் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் சொன்னார்கள். அடுத்து எல்லாரும் கேட்டது ஒன்றுதான். தாவரவியலுக்கும் இதேபோல் எப்போது சார் போடுவீர்கள்? தயாராகிக்கொண்டிருக்கிறது என்பேன். அதற்காகப் பண்ருட்டிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் புத்தகக் கடையில் இரண்டாம் பாகம் வந்துவிட்டதா என்று விசாரிப்பேன். வராது. எனக்கு அந்த ஆசிரியைமேல் எரிச்சலே வந்தது. முன்னுரையில் ஒன்றைச் சொல்லிவிட்டு இப்படிக் காலம் கடத்துகிறாரே, பிள்ளைகளின் படிப்பில் அக்கறை வேண்டாமா என்று கடைக்காரரிடமே குறைப்பட்டுக்கொண்டேன்.

அவர் ஒரு மூலையைக் கை காட்டினார். கயிறு பிரிக்காத கட்டுகள். "மொத பாகமே அடுக்கினு கெடக்குது சார். ரெண்டாவது எங்கேந்து வரும்? டவுன்ஷிப் புள்ளைங்கள நம்பித்தான் அந்தம்மா போட்டுது. மொதல்ல நாலு பேரு வந்து கேட்டுகினு இருந்தாங்க. இப்ப அங்க ஒரு சாரு சொந்தமா நோட்ஸ் போடறாராம். இத விட நல்லாகீதாம்."

வெட்கத்துக்கு முன்னால் எனக்குப் பெருமை வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் வந்தது வந்ததுதான். அப்படியா, யாரு அந்தச் சாரு என்று கேட்டேன். பேர் தெரியாது என்றார். பஸ் ஏறி உட்கார்ந்து, முத்தாண்டிக்குப்பம் தாண்டிய பிறகுதான் அந்தக் கட்டுகள் என் கண்ணுக்குள் வந்து நின்றன. அப்போதும் நான் எடுத்த முடிவு, இனி அந்தக் கடைக்குப் போகக்கூடாது என்பதுதான்.

இதற்குள் மந்தாரக்குப்பத்தில் டியூஷன் சென்டர் வைத்திருந்த இளைஞர் ஒருவர், என் நோட்ஸை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துத் தன் பெயரில் கொடுப்பதாகத் தகவல் வந்தது. என் முகப்புத்தாளை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒருவனுடைய உழைப்பைத் திருட எப்படி மனசு வருகிறது என்று மனைவியிடம் கத்தினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பொறுக்கத் தொடங்கினாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் சென்டர் வாசலில் நின்று சண்டை போட்டேன். இளைஞர் பயப்படவில்லை. பவ்யமாகத்தான் பேசினார்.

"படிப்பு எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதானே சார் ஆண்டு விழாவுல பேசினீங்க? நானும் அங்க உக்காந்து கைதட்டினேன்."

"அதுக்காக எறும்பைக்கூட விடாம காப்பி அடிப்பியா?"

"எறும்பு உங்களுதுங்களா சார்?"

வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். என்னுடையதுதான் என்றேன். அளவுகோல் என்று சொன்ன எறும்பை அன்று சொத்தாகவும் ஆக்கிக்கொண்டேன். அவர் மன்னிப்புக் கேட்டு, இனி என் பெயரைப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அப்படியே போட்டார். அந்த விதத்தில் அவர் என்னைவிட யோக்கியர்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் ஒருவர் வருவார். அவரைக் கவனித்துக்கொள்வது உள்ளூர் ஆசிரியரின் கடமை. டிபன், இளநீர், இலை போட்டுச் சாப்பாடு, நடுநடுவே "நம்ம பசங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை. அந்த வருடம் வந்த ஆணையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. எங்கேயோ பார்த்த பெயராக இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. என் கையால் அத்தனை முறை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்த பெயர் அது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு, முந்திரி பக்கோடாவுக்குச் சொல்லி வைத்தேன். பண்ருட்டிக்காரருக்கு முந்திரி. என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. என் வயதுதான் இருக்கும். பக்கோடாவைப் பார்த்துச் சிரித்து ஓரமாக வைத்துவிட்டு நேரே ஆய்வகத்துக்குள் போனார். பிள்ளைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். முதல் மேசையில் நின்றார். அடுத்ததற்குப் போனார். மூன்றாவது மேசைக்கு வந்தபோது அவர் நடை மெதுவானது. அங்கே ஒருவன் கரப்பானின் வாயுறுப்புகளை முடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எறும்புக்கு ஆறாவது கால் போட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்னப்பா?"

"அளவுங்க மிஸ்."

"எதோட அளவு?"

"படத்தோட அளவு தெரியறதுக்கு மிஸ். எல்லாப் படத்துலயும் போடணும்." சந்தேகத்துக்கு இடமில்லாமல், நன்றாகப் படித்த பிள்ளையின் குரலில் சொன்னான். "எங்க சார் கண்டுபிடிச்சது."

அந்த நேரத்தில்தான் எனக்குப் பெயர் பிடிபட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சாளரத்தைச் சாத்தப் போனேன். அது சாத்தித்தான் இருந்தது. அவர் அடுத்த மேசைக்குப் போனார். மீதி மேசைகளையும் பார்த்தார், கேள்வி கேட்டார், நியாயமாக மதிப்பெண் போட்டார். யாருக்கும் எறும்புக்காகக் குறைக்கவில்லை. கூட்டவும் இல்லை.

மதியம் இலையில் உட்கார்ந்ததும் நானாகவே உளறத் தொடங்கினேன். சட்டம் ஆசிரியர்களுக்கு இடம் கொடுக்கிறது என்றேன். அவர் மறுக்கவில்லை. வகுப்புக்குக் காட்ட எடுத்துக்கொள்வதில் தனக்கும் வருத்தமில்லை, பிள்ளைகளுக்காகத்தான் வரைந்ததே என்றார். பெயரைக்கூட ஒரு காரணத்தோடுதான் படத்துக்குள் போடவில்லையாம்.

"படத்துக்குள்ள பேரு போட்டா, புள்ளைங்க அதையும் ஒரு பாகம்னு நெனச்சி எழுதிடுவாங்கன்னு எறும்பு போட்டேங்க. எறும்ப யாரும் தவளையோட உறுப்புன்னு நெனைக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை." சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உங்கள நான் எதிர்பாக்கல."

தாவரவியல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதல் பாகம் விற்காமல் அச்சகத்துக்கு முகம் காட்ட முடியாமல் போய்விட்டது என்றார். வருடாவருடம் வகுப்பில் கரும்பலகையில் வரைகிறார். மூன்று கட்டமாகத்தான். பெல் அடித்தால் அழித்துவிடுகிறார். அடுத்த பாடத்துக்குப் பலகை வேண்டுமே.

இந்த இடத்தில் நான் சொன்னதை என் எதிரிகூட நம்பமாட்டார். "தாள்ல வரைஞ்சு கொடுத்துடுங்க மேடம்," என்றேன். "நம்ம கடையிலயே ஜெராக்ஸ் போட்டுடலாம்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் கை இலையில் நின்றிருந்தது. பிறகு மோர் கேட்டார்.

புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டார். எறும்பு என்ன என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். அடுத்த வருட வகுப்பில் இனி எறும்பு தேவையில்லை என்று மட்டும் சொன்னேன். ஏன் சார் என்றார்கள். பாடத்திட்டம் மாறிவிட்டது என்றேன்.

பிறகுதான் மைத்துனரின் "ஆனா"வைத் தேடிப் படித்தேன். பாடத்துக்காகப் பிரதி எடுப்பதற்கு இடம் இருக்கிறது. ஒரு முழுப் புத்தகத்தை எடுத்து டியூஷனில் வருடாவருடம் பரப்பி அதன் விற்பனையைக் கொல்வது அந்த இடத்துக்குள் அடங்குமா என்பதை வக்கீல்கள் வாதிடலாம். பெயரை வெட்டுவதற்கு மட்டும் எந்த மூலையிலும் இடமில்லை. சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன், ஓய்வு பெற்ற பிறகு, நிறைய நேரம் இருந்தபோது.

ஓய்வுபெற்றுச் சில வருடம் ஆனபின் மந்தாரக்குப்பம் டியூஷன் சென்டர்காரர் என்னை ஆசிரியர் தின விழாவுக்குத் தலைமை விருந்தினராக அழைத்தார். சென்டர் பெரிதாகியிருந்தது. கம்ப்யூட்டரை வைத்து வெள்ளைத்திரையில் பாடம் காட்டினார்கள். வாசலில் என் புகைப்படத்தோடு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். என் தலைக்குப் பக்கத்தில், என் தலை அளவுக்கே, ஓர் எறும்பு. எறும்பு முறையின் தந்தை என்று கீழே எழுதியிருந்தது. உள்ளே திரையில் தவளையின் இதயம். பழைய ஜெராக்ஸை ஸ்கேன் செய்திருந்தார்கள். நான் ஒட்டிய வெள்ளைத்தாளின் விளிம்பு ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகப் பக்கத்தின் அடியில் தெரிந்தது. ஒரு மாணவி எழுந்து, எறும்பு படத்தின் அளவைக் காட்டுகிறது என்று விளக்கினாள். என் சொற்கள், ஒன்றுகூடப் பிசகாமல். நான் ஓய்வுபெற்ற பிறகும் என் பொய் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சால்வை போட்டார்கள். அதோடு நின்றுகொண்டு சொன்னேன். படம் யாருடையது, எறும்பு என்ன, பெயர் எங்கே போனது, இரண்டாம் பாகம் ஏன் வரவில்லை, எல்லாம். கைதட்டுவதா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இளைஞராக இருந்து நடுத்தர வயதுக்கு வந்துவிட்ட சென்டர்காரர் என் காதருகே குனிந்து, "பேனர் அடிச்சாச்சே சார்," என்றார். மறுநாளே எல்லாப் பக்கத்திலும் ஆசிரியையின் பெயரைப் போட்டார். அவரிடம் அந்த நல்ல பழக்கம் முன்பே இருந்தது.

பெயர் போட்ட பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு திருவதிகைக்குப் போனேன். அவரும் ஓய்வு பெற்றிருந்தார். தங்கை வீட்டோடு இருந்தார். தாள்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். அடியில் இருந்த கறுப்புக் கோட்டையும் பார்த்தார்.

தாவரவியலைப் போடலாம், செலவு என்னுடையது, பெயர் உங்களுடையது என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துச் சொன்ன வாக்கியம். அவர் பதிலாக வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. சில வருடமாகவே இப்படித்தான் என்றார். படமெல்லாம் மனசுக்குள் அப்படியே இருக்கிறது, கோடுதான் நிற்பதில்லை. தாளில் எதுவும் வரைந்து வைத்திருக்கவில்லையா என்று கேட்டேன். போடப்போவதில்லை என்று ஆனபிறகு எதற்கு வரைவது என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருக்கலாம்.

"நீங்க சொல்லச் சொல்ல நான் வரையறேன்," என்றேன்.

உள்ளே போய்த் தாளும் பென்சிலும் கொண்டுவந்தார். இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டு. தாளில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்துக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு போடுங்கள் என்றார். போட்டேன். இரண்டாவதில், தட்டின் விளிம்பை ஒட்டி உள்பக்கம் புளியங்கொட்டைகளை வட்டமாகப் பரப்பச் சொன்னார். பரப்பினேன். மூன்றாவதில் ஒவ்வொரு கொட்டைக்குள்ளும் என்னென்ன எங்கே வரும் என்று, கண்ணை மூடிக்கொண்டு, தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவு தெளிவாக அந்தப் பாடத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. என் பென்சில்தான் ஓடவில்லை. தட்டு கோணியது. கொட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அழித்து அழித்துத் தாள் ஓர் இடத்தில் கிழிந்தது.

முடித்து நீட்டினேன். கண்ணருகே வைத்து, தாளைத் திருப்பி, மறுபடி நேராக்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எறும்பு போட்டுடாதீங்க சார்," என்றார்.